பழங்குடி நிலமும் வெளிநாட்டுக் கடனும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வெளிநாட்டு நிதியில் அணை, சாலை வந்தால் பழங்குடிகளுக்கும் நல்லதுதானே? ஏன் எதிர்க்கிறார்கள்?

பதில்: தங்களைக் கேட்காமலே எல்லாம் முடிவாவதைத்தான் எதிர்க்கிறார்கள். பிலிப்பைன்ஸின் சிக்கோ ஆற்றைப் பாருங்கள். 1970களில் மார்க்கோஸ் அரசு உலக வங்கி ஆதரவோடு அங்கே நான்கு அணைகள் கட்டப் பார்த்தது. கட்டியிருந்தால் கலிங்கா, போந்தோக் மக்களின் அடுக்கு வயல்களும் முன்னோரைப் புதைத்த இடங்களும் தண்ணீருக்குள் போயிருக்கும். அளவெடுக்க வந்தவர்கள் போட்ட கூடாரங்களைப் பெண்களே போய்ப் பிரித்துப் போட்டார்கள். புக்னாய் ஊர்ப் பெரியவர் மக்லி-இங் துலாக்கை 1980 ஏப்ரல் 24 அன்று ராணுவத்தினர் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதோடு அடங்கிவிடும் என்று நினைத்த எதிர்ப்பு இன்னும் பெரிதாகி, உலக வங்கி விலகி, அணைத் திட்டமே கைவிடப்பட்டது.

கேள்வி: அப்புறமாவது உலக வங்கி மாறியதா?

பதில்: 1982இல் பழங்குடிகளுக்கென்று முதல் கொள்கை வந்தது. ஆனால் 1985இலேயே, பழங்குடி ஊர்களை மூழ்கடிக்கும் நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைக்கு அதே வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. வங்கியே அமர்த்திய மோர்ஸ் ஆய்வுக் குழு 1992இல் குறைகளைப் புட்டுப்புட்டு வைத்த பிறகு, 1993இல் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியாவே சொல்லிவிட்டது.

கேள்வி: கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறார்களே, போதாதா?

பதில்: போதாது, எனக்குக் கோபம் வருவதே இந்த இடத்தில்தான். ஒரு கூட்டத்தில் நானே பார்த்தேன்: வாசலில் ஒரு நோட்டு, உள்ளே போகும் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள், அது வருகைப் பதிவு என்றுதான் அவர்களிடம் சொன்னார்கள், ஆனால் பிறகு அறிக்கையில் அதே பக்கங்கள் 'சம்மதம்' என்று இருந்தன. உலக வங்கியின் 2005ஆம் ஆண்டுக் கொள்கைகூட கலந்தாலோசனை என்ற அளவில்தான் நின்றது. நிலம் பாதிக்கப்பட்டாலோ ஊரை இடம் மாற்றினாலோ ஒப்புதலே வேண்டும் என்பது 2018இல் நடைமுறைக்கு வந்த விதிகளில்தான் சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்குவது ஒப்புதலே அல்ல.

கேள்வி: இந்தியாவின் நிலை?

பதில்: 2007இல் பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்த 144 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் பழங்குடிகளின் உரிமைகளுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆவது உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை.

கேள்வி: ஓர் ஊர் மறுத்தால் நாட்டுத் திட்டமே நிற்க வேண்டுமா?

பதில்: அங்கே வாழ்வது அவர்கள். நிற்கத்தான் வேண்டும், நம் நாட்டிலேயே நின்றும் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் தோண்டலாமா என்று கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்கிரியா கோந்த் மக்கள் நியமராஜாவின் மலை என்று கும்பிடும் இடம் அது. கேட்ட 12 கிராம சபைகளும் பாக்சைட் தோண்ட வேண்டாம் என்றன, 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்தது.