எல்லாவற்றுக்கும் ஒரே கோட்பாடு ஏன் இன்னும் கைகூடவில்லை?

கேள்வி (கல்லூரி மாணவி): பொதுச் சார்பியலும், அணு அளவிலான நுண்துகள்களை விளக்கும் குவாண்டம் இயற்பியலும் தனித்தனியே வெற்றி பெற்றவைதானே, அவற்றை இணைப்பதில் என்ன சிக்கல் ஐயா?

பதில்: 1915-இல் ஐன்ஸ்டைன் வகுத்த பொதுச் சார்பியலின்படி, நிறையும் ஆற்றலும் காலவெளியை, அதாவது காலமும் இடமும் சேர்ந்த பின்னலை, வளைப்பதையே நாம் ஈர்ப்பு என்கிறோம். வளைவைக் கணக்கிட, பொருள் எங்கே இருக்கிறது என்பது திட்டவட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். குவாண்டம் இயற்பியலிலோ ஓர் எலக்ட்ரான் 'இங்கே', 'அங்கே' என்ற இரு நிலைகளின் கலவையாக இருக்கலாம். அப்படியானால் காலவெளி எந்தப் பக்கம் வளையும்? இதற்கே அனைவரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. மற்ற விசைகளுக்குக் கைகொடுத்த கணக்கீட்டு முறையை ஈர்ப்பின் மீது செலுத்தினால் முடிவிலிகள் முளைக்கின்றன. அவற்றைக் களையக் களையப் புதுப்புது மாறிலிகள் தேவைப்பட்டுக்கொண்டே போவதால், மிக உயர்ந்த ஆற்றல்களில் கோட்பாடு எதையும் கணிக்க இயலாததாகிவிடுகிறது.

கேள்வி (பொறியாளர்): ஆய்வுக்கூடத்தில் சோதித்து முடிவு காணலாமே?

பதில்: ஈர்ப்பு அத்தனை மெலிந்தது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பைவிட ஏறத்தாழ 1-க்குப் பின் 39 சுழியங்கள் இட்ட மடங்கு வலியது. குவாண்டம் ஈர்ப்பு தெளிவாகத் தலைகாட்டும் ஆற்றலோ, செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் துகள்முடுக்கி வளையத்தில் எட்டப்படுவதைவிடச் சுமார் 10 கோடி கோடி மடங்கு அதிகம்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): சமன்பாடு அழகாக அமைந்தால் அது உண்மையாகத்தானே இருக்கும்?

பதில்: இருக்க வேண்டியதில்லை. ஈர்ப்பைத் தவிர்த்த மூன்று விசைகளையும் (மின்காந்த விசை, அணுக்கருவின் வன்விசை, மென்விசை) ஒன்றாக்க 1974-இல் இயற்பியலாளர்கள் ஜார்ஜியும் கிளாஷோவும் முன்வைத்த கோட்பாடு மிக அழகானது. புரோட்டான் என்றேனும் சிதையும் என்று அது சொன்னது. அந்தச் சிதைவின் மெல்லிய ஒளிக்கீற்றைப் பிடிப்பதற்காக ஜப்பானில் ஒரு மலைக்கடியில் 50,000 டன் நீர் நிரப்பிய தொட்டி 1996 முதல் காத்திருக்கிறது. உறுதியான சிதைவு ஒன்றுகூட இதுவரை பதிவாகவில்லை. அக்கோட்பாட்டின் எளிய வடிவம் அதற்கு முன்பே, 1980-களின் சோதனைகளிலேயே அடிபட்டுப் போனது. (எனக்கு இன்றும் அதில் சிறு வருத்தம் உண்டு.)

கேள்வி (இல்லத்தரசி): அந்த இறுதிக் கோட்பாடு கிடைத்துவிட்டால் எல்லாமே விளங்கிவிடுமா?

பதில்: பெயர்தான் பெரிது. அணுக்களின் நடத்தையை ஆளும் சமன்பாட்டை 1926-இலேயே ஷ்ரோடிங்கர் தந்துவிட்டார். ஆயினும் நீரின் உறைநிலையை அதிலிருந்து துல்லியமாகக் கணக்கிட்டு எடுப்பது இன்றும் பெரும்பாடாகவே இருக்கிறது.