கிளப் லேஅவுட்டில் கூட்ஸ் வண்டிகளை நிஜம்போல ஓட்டுவது எப்படி?

கேள்வி: எங்கள் மாடல் ரயில் கிளப்பில் எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) பெரிய லேஅவுட், அதாவது தண்டவாளங்களும் ஊர்களும் கொண்ட மாடல் அமைப்பு, இருக்கிறது. ஓட்டுவது அமெரிக்க ரயில்கள். உறுப்பினர்கள் ஆளுக்குச் சில வேகன்கள் கொண்டுவந்து கோத்து ஓட்டுகிறோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வேகனும் அருமையாக இருக்கிறது. ரயிலாக ஓடும்போது மட்டும் பொம்மை வண்டியாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

வேகன்களில் குறை இருக்காது. அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நிஜ கூட்ஸ் வண்டியில் ஒரு வேகன்கூடச் சும்மா வராது. எங்கோ சரக்கு ஏற்றிக்கொண்டு எங்கோ போகிறது, இல்லையென்றால் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. உங்கள் ரயிலில் ஏதாவது ஒரு வேகனைக் காட்டி "இது எங்கே போகிறது?" என்று கேட்டால், ஓட்டுபவரிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் இருந்தால் மீதி எல்லாம் தானாக வரிசைக்கு வரும். துருப்பிடித்த நிறம் பூசுவது, எழுத்துகளை மங்கலாக்குவது எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது இரண்டாவது வேலை.

முதலில் உங்கள் ரயில் என்ன ரயில் என்று முடிவு செய்யுங்கள். நிலக்கரி ரயில் என்றால் தலையிலிருந்து வால்வரை ஒரே மாதிரி ஹாப்பர்கள் (அடிவழியாகச் சரக்கைக் கொட்டும் வேகன்கள்) அல்லது கொண்டோலாக்கள் (கூரையில்லாத பெட்டி வேகன்கள்)தான், எண்கள் மட்டும் மாறும். இதில் கிளப்புகள் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான்: நிலக்கரி நிரம்பிய ரயில் கிழக்கே போகிறது, அரை மணி கழித்து அதே நிலக்கரியோடு மேற்கே திரும்பி வருகிறது. சுரங்கத்துக்கு யாராவது நிலக்கரி கொண்டு போவார்களா? நிலக்கரிக் குவியல் போலச் செய்து, வேகனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய துண்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் கையால் மாற்றலாம். அதைவிடச் சுத்தமான வழி ஒன்று இருக்கிறது. பின்னணிச் சுவரின் ஒரு பக்கம் சுரங்கம், மறுபக்கம் மின் நிலையம், இரண்டுக்கும் சுவரின் ஊடாகப் பொதுவான தண்டவாளங்கள். நிரம்பிய வேகன்களை மின் நிலையத்தில் தள்ளினால் அவை சுரங்கத்தின் பக்கம் 'ஏற்றி முடித்த' வேகன்களாக வெளிவரும். காலி வேகன்களைச் சுரங்கத்தில் தள்ளினால் மின் நிலையத்தின் பக்கம் 'இறக்கி முடித்த' வேகன்களாக வரும். லேஅவுட்டை இனிமேல்தான் விரிவாக்கப் போகிறீர்கள் என்றால் இதற்கு இடம் ஒதுக்கச் சொல்லிக் கட்டாயம் பேசிப் பாருங்கள்.

கலவை ரயில் என்றால் வேறு கதை. கலவை என்பதற்காகக் குலுக்கிப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி இருக்கக் கூடாது. நிஜத்தில் யார்டில் (வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் இடம்) ஒரே ஊருக்குப் போகும் வேகன்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் ரயில் கட்டுவார்கள், வழியில் ஒரே வெட்டில் மொத்தமாகக் கழற்றிவிட வசதியாக. அதனால் நான்கு டேங்கர், அடுத்து ஐந்தாறு பாக்ஸ்கார் (கூரையோடு மூடிய வேகன்), பிறகு மரம் ஏற்றிய இரண்டு பிளாட் வேகன் (தட்டையான திறந்த வேகன்) என்று கொத்துக் கொத்தாக வரும். ஒன்றுவிட்டு ஒன்றாக நிறமும் வடிவமும் மாறிக்கொண்டே வந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆபத்தான சரக்குக்குத் தனி விதி. எரிவாயுவோ அமிலமோ ஏற்றி, வைர வடிவ எச்சரிக்கைப் பலகை மாட்டிய டேங்கரை இஞ்சினுக்கு அடுத்து நேராகக் கோக்க மாட்டார்கள். ரயிலின் நீளம் இடம் கொடுத்தால் அது இஞ்சினிலிருந்து ஆறாவது இடத்துக்கு முன்னால் வரக் கூடாது என்பது இன்றைய அமெரிக்க விதி. நீளம் போதாவிட்டால் நடுவில், ஆனால் எப்படியும் இடையே ஒரு வேகனாவது இருக்க வேண்டும். இதை மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள், விஷயம் தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

காலம். இதில்தான் கிளப்பில் சண்டை வரும், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். பாக்ஸ்காரின் கூரைமேல் நடைபலகை இருந்தது பழைய வழக்கம். 1966-க்குப் பிறகு கட்டிய பாக்ஸ்கார்கள் அது இல்லாமலேதான் வந்தன. பக்கவாட்டில் வண்ணக் கோடுகளோடு ஒட்டப்பட்ட அடையாளப் பட்டை 1967-ல் வந்து, 1977-ல் கைவிடப்பட்டது. ரயில் கம்பெனிகளில் கான்ரெயில் 1976-ல் பிறந்தது, பிஎன்எஸ்எஃப் 1995-ல். கடைசியில் கார்டு பயணிக்கும் கபூஸ் 1980-களில் மறையத் தொடங்கியது. கன்டெய்னர்களை இரண்டடுக்காக ஏற்றும் வேகன்கள் பரவியதும் அதே பத்தாண்டில்தான். ஆக, நடைபலகை வைத்த பாக்ஸ்காரும் இரட்டை அடுக்குக் கன்டெய்னரும் ஒரே ரயிலில் வந்தால், இரண்டும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சேர்ந்து நிற்காது. எல்லாரும் ஒரே காலத்துக்கு மாற வேண்டும் என்று அதட்டினால் கிளப் உடையும். ஒரு மாதம் 1950-கள், அடுத்த மாதம் 1980-கள், அதற்கடுத்த மாதம் அண்மைக் காலம் என்று முறை வைத்துக்கொள்வது நல்லது. யாரும் தன் வேகனை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

1950-களை ஓட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்து பாக்ஸ்கார் எந்தக் கம்பெனியுடையதானாலும் நாடு முழுக்கச் சுற்றியது. மேற்கே ஓடும் ரயிலிலும் பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் வேகன்கள் நிறைய வரும், ஏனென்றால் அவர்களிடம்தான் பெரிய படை இருந்தது. ஹாப்பர்கள் அப்படி இல்லை, பெரும்பாலும் சொந்த வட்டாரத்திலேயே சுற்றின. வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உரிமையாளரின் சுருக்கக் குறியீடு எக்ஸ் (X) எழுத்தில் முடிந்தால் அந்த வேகன் ரயில் கம்பெனியுடையது அல்ல, தனியாருடையது. டேங்கர்களில் அப்படித்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

சரி, வேகனுக்குப் போகுமிடம் கொடுப்பது எப்படி? அட்டை முறைதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை: குறியீடு, எண், வகை, நிறம். அட்டையின் அடியில் ஒரு சின்னப் பை. பைக்குள் சரக்குச் சீட்டு. சீட்டின் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக மொத்தம் நான்கு பயணம் எழுதலாம். காகித ஆலைக்கான ஒரு பாக்ஸ்காரை எடுத்துக்கொள்வோம். முதல் பயணம்: யார்டிலிருந்து காலியாகக் காகித ஆலைக்கு. இரண்டாவது: காகித உருளைகள் ஏற்றிக்கொண்டு, லேஅவுட்டுக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளும் ஓர் அச்சகத்துக்கு, அதாவது பார்வைக்குத் தெரியாமல் ரயில்களை நிறுத்திவைக்கும் மறைவு யார்டுக்கு. மூன்றாவது: அங்கிருந்து மளிகைச் சரக்கோடு உங்கள் ஊர்க் கிடங்குக்கு. நான்காவது: காலியாகத் திரும்ப யார்டுக்கு. ஓட்டம் முடிந்த பிறகு ஒருவர் சீட்டுகளைத் திருப்பி வைத்தால் போதும், அடுத்த சந்திப்புக்கு எல்லா வேகனுக்கும் புது வேலை தயார். கணினியில் செய்ய விரும்புபவர்களுக்கு ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளிலேயே இதற்கான பகுதி இருக்கிறது. பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிடும். எனக்கு அட்டையைக் கையில் வைத்து, கழற்றும் வரிசைக்கு அடுக்கிக்கொண்டு நடப்பதில்தான் நிறைவு.

இப்போது வேகம். மாடல் ரயில்கள் பொம்மையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். எச்ஓ என்பது 1:87. நிஜத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் லேஅவுட்டில் ஒரு மீட்டரைக் கடக்க ஐந்து விநாடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். யார்டுக்குள் மணிக்குப் 10 கிலோமீட்டர் என்றால் அதே ஒரு மீட்டருக்கு அரை நிமிடம். அளவுகோல் வைத்து இரண்டு குறி போட்டு, கைபேசிக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பொறுமை போகும். பிறகு பழகிவிடும். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) இஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகையில், சிவி எனப்படும் அமைப்பு எண்களில் சிவி 3 வேகம் ஏறும் நேரத்தையும், சிவி 4 இறங்கும் நேரத்தையும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் கூட்டி வைத்தால் முப்பது வேகன் இழுக்கும் இஞ்சின் கனத்தோடு கிளம்பும், கனத்தோடு நிற்கும். இரண்டு இஞ்சின் சேர்த்து ஓட்டினால் முதலில் அவற்றைத் தனித்தனியே ஓட்டி வேகத்தைச் சமன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும்.

வேகன்களைக் கோத்துக் கழற்றி இடம் மாற்றும் ஷண்டிங்கில் இன்னும் நிதானம் வேண்டும். வேகனைத் தொடுவதற்கு முன் ஒரு வேகன் நீளத்தில் நின்று, பிறகு ஊர்ந்து போய்க் கோக்க வேண்டும். கோத்ததும் லேசாக இழுத்துப் பார்ப்பது நிஜ ஆட்கள் செய்வது, அது நமக்கும் கப்ளர் (வேகன்களை இணைக்கும் கொக்கி) பிடித்ததா என்று காட்டிவிடும். பிறகு உடனே கிளம்பாதீர்கள். தரையில் இருப்பவர் காற்றுக் குழாயை மாட்டவும் பிரேக்கில் காற்று ஏறவும் நேரம் கொடுங்கள், பத்திருபது விநாடியாவது. கழற்றுவதற்கு மூங்கில் குச்சி ஒன்று போதும்.

இதெல்லாம் நடக்க வேகன் தடம் புரளாமல் இருக்க வேண்டும். பலர் கொண்டுவரும் வேகன்கள் என்பதால் கிளப்பில் வாசலிலேயே சோதனை வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எச்ஓ வேகனின் எடை ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நாற்பது அடி பாக்ஸ்காருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 106 கிராம் வரும். சமையலறைத் தராசு போதும். கப்ளர் உயரத்துக்கும் சக்கர இடைவெளிக்கும் அளவிகள் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகமாக மாற்றினால் தண்டவாளம் அழுக்காவதும் குறையும். ரயில் கட்டும்போது கனமானவற்றை முன்னால், லேசானவற்றையும் நீளமான காலி வேகன்களையும் பின்னால் வையுங்கள். முன்னால் லேசான நீள வேகன் இருந்தால், பின்னால் உள்ள பாரம் வளைவில் அதை உள்பக்கமாகச் சாய்த்துவிடும். நிஜத்திலும் இதே தொல்லைதான்.

நீளத்தைப் பொறுத்தவரை ஆசையை அடக்குங்கள். நூறு வேகன் நிஜ ரயிலை அப்படியே எச்ஓவில் கொண்டுவந்தால் 18, 19 மீட்டர் வரும். உங்கள் ரயிலின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டியது எதிர் ரயிலுக்கு வழிவிட ஒதுங்கும் பக்கத் தண்டவாளமான சைடிங்தான். சைடிங்கில் அடங்காத ரயில் மொத்த லேஅவுட்டையும் முடக்கும். ஐம்பது அடி பாக்ஸ்கார் கப்ளரோடு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். சைடிங்கை அளந்து, இஞ்சினுக்கும் நிறுத்துவதில் ஏற்படும் சிறு பிசகுக்கும் கொஞ்சம் கழித்துவிட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களுக்கும் வேலை பிரியுங்கள். ஒருவர் டிஸ்பாட்சர் (எந்த ரயில் எப்போது போகலாம் என்று தீர்மானிப்பவர்), ஒருவர் யார்டு, இருவர் பிரதான பாதை, ஒருவர் ஊர் ஊராக நின்று வேகன் விட்டு எடுக்கும் உள்ளூர் ரயில். கைவேகம் உள்ளவரை யார்டில் போடுங்கள், ஏனென்றால் யார்டு தேங்கினால் எல்லாம் தேங்கும். நான்கு மடங்கு வேகமாக ஓடும் கடிகாரம் வைத்தால் கால அட்டவணைக்கு உயிர் வரும், ஆனால் ஷண்டிங் செய்பவரை அந்தக் கடிகாரத்தால் விரட்டாதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே முழு லேஅவுட்டுக்கும் அட்டை போட வேண்டாம். ஒரு கிளைப் பாதை, மூன்று நான்கு தொழிற்சாலைகள், எட்டு வேகன்கள் கொண்ட ஓர் உள்ளூர் ரயில் என்று தொடங்குங்கள். மற்ற பாதைகளில் நண்பர்கள் எப்போதும்போல ஓட்டட்டும். அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் 'பழுது' என்று எழுதி ஒரு பெட்டி வையுங்கள். இரண்டாவது முறை தடம் புரண்ட வேகனின் அட்டை அதில் போகட்டும், என்ன ஆனது என்று ஒரு வரிக் குறிப்போடு. வேகனின் சொந்தக்காரர் சரிசெய்து காட்டிய பிறகே அட்டை வெளியே வரலாம்.