நரம்பை உறைய வைத்தால் மார்பு மரத்தே போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 16. மார்பெலும்பு உள்வாங்கிக் குழிந்திருப்பதால், உள்ளே உலோகப் பட்டை வைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வலி தெரியாமலிருக்க விலா நரம்புகளை உறைய வைப்பதாக அறுவை சிகிச்சை நிபுணர் சொல்கிறார். மருத்துவமனையை ஏற்பாடு செய்து கொடுத்தவரோ, "வலியே இருக்காது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். உறைந்த நரம்பு செத்துவிடாதா? மார்பு ஆயுளுக்கும் மரத்துப் போகுமா?

பதில்: மரத்துப் போகும், ஆனால் உங்கள் மகனின் வயதில் உணர்ச்சி திரும்பிவிடும் என்றே எதிர்பார்க்கலாம். ஒரு நரம்பை, உறைக்குள் ஓடும் கம்பியாக எண்ணிக்கொள்ளுங்கள். சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் குளிரில் உறையும்போது உள்ளே இருக்கும் இழை சிதைகிறது, உறை மட்டும் கலையாமல் நிற்கிறது. பின்னர் அந்த உறையையே தடமாகக் கொண்டு புதிய இழை நாளொன்றுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை முன்னோக்கி வளர்கிறது. உறைய வைக்கும் இடம் அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து நெஞ்சின் நடுப்பகுதி வரை 15, 20 சென்டிமீட்டர் தூரம் இருப்பதால், அதைக் கடக்கச் சில மாதங்கள் ஆவதில் வியப்பில்லை. பெரும்பாலான சிறுவர்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்குள் உணர்ச்சி திரும்புகிறது. திரும்பும் நாள்களில் எறும்பு ஊர்வது போலவும் அரிப்பது போலவும் இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

அறுவை அரங்கில் நடப்பது எளிமையானது. பட்டையை நுழைப்பதற்காகப் போடும் சிறு துளை வழியாகவே, கேமராவில் பார்த்துக்கொண்டு, ஒரு மெல்லிய கோலின் முனையை விலா எலும்பின் கீழ் விளிம்பில் ஓடும் நரம்பின் மேல் அழுத்துவார்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு அந்த முனைக்குள் விரியும்போது அது கடுங்குளிராகி, சுற்றியுள்ள சவ்வு வெள்ளையாக உறைந்து தெரியும். ஒரு நரம்புக்கு ஏறத்தாழ 2 நிமிடங்கள் ஆகும். பனி உருகும் வரை கோலை அசைக்கக் கூடாது; அவசரப்பட்டு இழுத்தால் சவ்வு கிழியும். வழக்கமாக 3 அல்லது 4-ஆம் விலாவிலிருந்து 7-ஆம் விலா வரை, இருபுறமும் செய்வார்கள்.

இனி, அந்த ஏற்பாட்டாளரின் பேச்சுக்கு வருகிறேன். உறைய வைத்ததன் முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது என்பதை இத்தகையவர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. சொன்னால் "வலியில்லா அறுவை" என்ற விளம்பரம் நிற்காது. மார்புக் கூட்டையே நெம்பி நிமிர்த்தும் இந்தச் சிகிச்சை, சிறுவர்களுக்குச் செய்பவற்றில் மிகுந்த வலி தருபவற்றுள் ஒன்று. அந்த முதல் இரவைக் கடக்க, அறுவையின்போதே மரப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். அதன்பின் பாராசிட்டமால், இபுபுரோஃபென் போன்றவை நேரந்தவறாமல் கொடுக்கப்பட வேண்டும். தேவைப்பட்டால் சிறிதளவு மார்ஃபின் வகை மருந்தும் கைவசம் இருக்க வேண்டும். நரம்பு மரத்த பிறகும்கூட முதுகிலும் தோள்பட்டையிலும் ஓர் இறுக்கமான வலி சில வாரங்கள் நீடிக்கலாம், ஏனென்றால் உறைய வைத்த நரம்புகளின் எல்லைக்குள் அவை வருவதில்லை. முன்பெல்லாம் முதுகுத்தண்டின் அருகே மரப்பு மருந்து செலுத்தும் எபிடூரல் குழாயுடன் நான்கைந்து நாள்கள் படுத்திருந்தவர்கள் இப்போது ஓரிரு நாள்களில் வீடு திரும்புவது உண்மைதான். ஆனால் எந்த நாளில் போவது என்பதை மகனின் வலியும் மூச்சும் முடிவு செய்யட்டும், தரகர் போட்டுக்கொடுத்த கணக்கு முடிவு செய்ய வேண்டாம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் இரவு வலிக்கு யார் பொறுப்பு, அவர் பெயர் என்ன? மயக்கவியல் நிபுணரை அறுவை அரங்கின் வாசலில், கையெழுத்து வாங்கும் நேரத்தில்தான் குடும்பத்தார் முதன்முதலாகப் பார்க்கிறார்கள் என்ற நிலை இன்னும் பல இடங்களில் மாறவில்லை. எத்தனை முறை சொல்லியும் மாறாததால், நீங்களே முன்கூட்டிச் சந்திப்பு கேட்டு வாங்குங்கள். காப்பீடு இருந்தால், உறைய வைக்கும் கோலுக்கான செலவும் ஏற்கப்பட்டதா என்பதை எழுத்தில் பெறுங்கள். அறுவைக்கு ஒப்புதல் தந்துவிட்டு, அதன் வலியைக் குறைக்கும் கருவியை மட்டும் "கூடுதல் வசதி" என்று தள்ளும் விந்தையான படிவங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதே சிகிச்சையை இருபது வயதைத் தாண்டியவர்கள் செய்துகொள்ளும்போது, நரம்பு திரும்ப வளரும் காலத்தில் ஒருவித நரம்பு வலி தோன்றும் வாய்ப்பு கூடுதல். சட்டை உரசினாலே எரிவது, மின்சாரம் பாய்ந்தது போலச் சுளீரென்று இழுப்பது, போர்வை பட்டால் தூக்கம் கலைவது என்று அது வெளிப்படும். வழக்கமான வலி மாத்திரைகள் அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. காபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் எழுதித் தர வேண்டியிருக்கும். பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்லத் தணிந்துவிடும் என்றாலும், அந்த மாதங்களைக் கடப்பவருக்கு அது சின்ன விஷயமன்று. உங்கள் மகனின் அனுபவத்தைக் கேட்டு இருபத்தைந்து வயது உறவினர் யாரேனும் இதே முறைக்கு ஆசைப்பட்டால், இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மகனுக்கே அத்தகைய எரிச்சல் வந்தாலும் பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது, மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பதே. மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையோ பனிக்கட்டிப் பையோ வைக்கக் கூடாது. குளிக்கும் நீரை முதலில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அறுவைத் தழும்புகள் சிவந்திருக்கின்றனவா, சீழ் கோத்திருக்கிறதா என்று தினமும் நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும், அவனாக வலிக்கிறது என்று சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, வலி இல்லை என்பதற்காக விளையாட்டுக்கோ பளு தூக்கவோ மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன்பே விட்டுவிடாதீர்கள். பட்டை நழுவினால் மறுபடியும் அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும்.

பட்டையைப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் எடுத்துவிடுவார்கள். அது வலி குறைந்த, சிறிய அறுவை; அதற்கு வழக்கமாக நரம்பை மீண்டும் உறைய வைக்கத் தேவையில்லை. ஏற்பாட்டாளர் இப்போதே கொடுத்திருக்கும் பட்டியலில் அந்த இரண்டாம் முறை உறைய வைப்பதற்கும் சேர்த்து ஒரு தொகை இருந்தால், அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.