கூறைப்பட்டை வெட்டலாமா? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

மராத்திப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கிக் கோதடி என்கிற போர்வை தைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் கை துறுதுறுவென்று இருக்கிறது. நான் சயானில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பம்பாய்தான். தாணேயில் இருக்கும் மகனுக்குப் போன மாதம் பெண் பிறந்திருக்கிறது. பேத்திக்கு என் கையால் ஒரு கோதடி தைக்க ஆசை. என் கூறைப்பட்டு, காலமான என் வீட்டுக்காரர் உடுத்திய எட்டு முழ வேட்டி, என் அம்மாவின் சுங்குடி, எல்லாவற்றிலும் ஒரு துண்டு சேர்த்து, அவள் கல்யாணம் வரைக்கும் இருக்கிற மாதிரி தைக்க வேண்டும்.

மருமகளிடம் சொன்னேன். “குழந்தைக்குப் போர்வையே போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை” என்றாள். மகனோ, “எதுக்கும்மா கண்ணைக் கெடுத்துக்கிற, ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துடும்” என்கிறான். மனசு விட்டுப்போய்விட்டது. தைக்கவா, வேண்டாமா? தைத்தால் நடுவில் பஞ்சு வைக்கணுமா? பெயர் தைக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அக்கா,

தைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் நான் உங்கள் மருமகள் கட்சி. ஒரு வயது முடியும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, தளர்வான போர்வை, மெத்தென்ற துணி எதுவும் இருக்கக் கூடாது என்பது பல நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் சொல்வது. முகத்தில் விழுந்து மூடினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. அந்தப் பெண் உங்கள் தையலை வேண்டாம் என்று சொல்லவில்லை, போர்வையைத்தான் வேண்டாம் என்றாள். “தரையில் போடும் விரிப்பு தைக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். இன்னும் கொஞ்ச நாளில் குழந்தை குப்புற விழும், அப்புறம் தவழும். தாணே ஃபிளாட்டின் வழுவழு டைல்ஸ் தரையில் அதற்கு ஏதாவது விரித்துத்தான் ஆகவேண்டும். அதன்மேல் விளையாடட்டும், தூங்கிவிட்டால் தூக்கித் தொட்டிலில் போட்டுக்கொள்வார்கள். முதல் பிறந்தநாள் கழிந்ததும் அதுவே போர்வையாகிவிடும்.

மகன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்கு உங்களோடு சண்டை வேறு இடத்தில். “கல்யாணம் வரைக்கும் இருக்க வேண்டும்” என்கிறீர்களே, அங்கேதான். அப்படி நினைத்துத் தைத்தால் அது பீரோவுக்குத்தான் போகும். குழந்தை அதன்மேல் மூத்திரம் போகும், கக்கும், பருப்புச் சாதம் கொட்டும், வாயில் வைத்துச் சப்பும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து வாரம் இரண்டு தடவை மெஷினில் சுற்றி வருவதாக இருந்தால்தான் பேத்தி அதை அறிவாள். அவளுக்குப் பத்து வயதாகும்போது அது கிழிந்து நைந்திருக்க வேண்டும். கிழியாமல் இருந்தால் அவள் தொடவில்லை என்று அர்த்தம்.

ஆகவே கூறைப்பட்டைத் தொடாதீர்கள். பழம்பட்டு மடிப்பு மடிப்பாக இற்றிருக்கும். உங்களுடையதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்பில் கோடு கோடாகத் தெரியும். வெட்டித் தைத்தால் நாலாவது சலவையில் அந்தக் கோட்டில் விட்டுப்போகும். பட்டும் பருத்தியும் ஒரே மாதிரி சுருங்குவதும் இல்லை, துணி கோணிக்கொள்ளும். ஜரிகை பிள்ளையின் முழங்காலை அறுக்கும். அதை முழுதாக மடித்து வைத்து, பேத்திக்குக் கட்டிக்கொள்ளும் வயது வரும்போது கையில் கொடுங்கள். வெட்டிய பட்டை எந்தப் பெண்ணும் கட்ட முடியாது.

சுங்குடியும் வேட்டியும் போதும். நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு முதல் சில நாள் புதுத்துணி போடாமல் பழைய புடவைக் கிழிசலில்தானே சுற்றி வைக்கிறோம். பீகாரில் சுஜனிப் போர்வை தைக்கும் பெண்களும் அப்படித்தான், பிள்ளைக்காகப் பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்ததில் தொடங்கிய வேலை அது. அங்கே கந்தல்களுக்கென்றே ஒரு தெய்வம் உண்டு, சித்திரியா மா என்று. பலதடவை துவைத்த பருத்திக்கு இருக்கும் மென்மை எந்தக் கடைத் துணிக்கும் கிடையாது.

சுங்குடியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முடிச்சுப் போட்ட வெள்ளைப் புள்ளிகள் வெள்ளையாகவே இருக்கின்றனவா, நிறம் ஏறிப் போயிருக்கின்றனவா பாருங்கள். ஏறியிருந்தால் சாயம் விடும் புடவை. சந்தேகமென்றால் வெள்ளைக் கைக்குட்டையை வெந்நீரில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். கறை வந்தால் அந்தப் புடவை வேண்டாம், பேத்தி சப்பப்போகிற துணி. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்காது.

பஞ்சும் வேண்டாம். டெல்லிக் குளிருக்குப் பஞ்சடைத்த ரஜாய் வேண்டும், பம்பாயில் அதற்கு என்ன வேலை? ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கைக்குட்டையே காயாது. பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பூசணம் பூக்கும். கோதடியின் சாமர்த்தியமே அதில்தான்: கனம் முழுக்க அடுக்குகளிலிருந்து வருகிறது, தண்ணீர் நிற்க இடமில்லை.

கணக்கு எளிது. எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர் இருக்கும். மூன்றாக மடித்தால் 1.2 மீட்டருக்கு மூன்று அடுக்கு. சுங்குடியிலிருந்து 2.4 மீட்டர் வெட்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. மொத்தம் ஐந்து அடுக்கு, ஏறத்தாழ 1.1 மீட்டர் சதுரமாக வரும். வீட்டுக்காரரின் வேட்டி உள்ளே போய்விடும், யார் கண்ணுக்கும் தெரியாது. மேல்துணி தேய்ந்து கிழியும்போதுதான் வெளியே வரும். எங்கள் மாடியில் சாதாரா ஊர்க்கார ஆஜி, அதாவது மராத்திப் பாட்டி, ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக் கோதடியில் மேல்புடவை தேய்ந்த இடத்திலெல்லாம் உள்ளேயிருந்து ஒரு பச்சைக் கட்டம் எட்டிப்பார்க்கும். மேலும் தேய்ந்தால் இன்னொரு புடவையைப் போர்த்திச் சுற்றிலும் தைத்துவிடுவார். தூக்கிப் போடுகிற பேச்சே கிடையாது.

முதலில் எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். தரையில் விரித்து, சுருக்கம் எடுத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நிறுத்திவிடுங்கள். குனிந்து செய்யும் வேலை இது ஒன்றுதான், இதற்கு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள் (மகனைக் கூப்பிடுங்கள், ஆன்லைனில் வராத வேலை). வேட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே வெட்டிவிட்டுச் சுங்குடியின் விளிம்புகளை மடித்துத் தைத்துவிட்டால், மீதியை மடியில் போட்டுக்கொண்டே தைக்கலாம். நேர்கோட்டில் ஊசியை உள்ளே வெளியே ஓட்டுகிற சாதாரண ஓட்டுத்தையல்தான். ஒரு அங்குல இடைவெளியில் போட்டால் 40 வரிசைக்குக் கொஞ்சம் மேலே வரும். பகலில் ஒரு நாளைக்கு இரண்டு வரிசை போட்டால் மாதம் முடிவதற்குள் முடிந்துவிடும், கண்ணும் கெடாது. காலை வெளிச்சத்திலேயே ஏழெட்டு ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூலை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்தால் சிக்கு விழாது. வரிசை கோணினால் பிரிக்காதீர்கள், கையால் தைத்தது என்று வேறு எப்படித் தெரியும்?

அலங்காரம் வேண்டுமென்றால் மூலைகளில் வையுங்கள். கர்நாடகத்தில், உத்தர கன்னடப் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்களும் இப்படிப் போர்வை தைப்பார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைப்பதற்குப் பூ என்று பேர். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு அம்மணம் மாதிரி. மீந்த சுங்குடியில் நாலு பூ தாராளமாக வரும். கண்ணாடி, மணி, பட்டன் மட்டும் கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

பெயர் தைக்கலாம். ஆனால் அவர்கள் வைத்த பெயரை, அவர்கள் எழுதுகிற எழுத்தில். நீங்கள் கூப்பிடுகிற செல்லப் பெயர்தான் வேண்டுமென்றால் பின்பக்கத்து மூலையில் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உட்காரும்போது எத்தனை ஊசி, எழுந்திருக்கும்போது எத்தனை ஊசி என்று எண்ணிவிடுங்கள். முடிந்ததும் ஃபிரிட்ஜ் கதவுக் காந்தம் ஒன்றை எடுத்துத் துணி முழுக்க ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்புறம் மூன்று தடவை துவைத்துப் பழசாக்கிக் கொண்டுபோங்கள். இஸ்திரி போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்தால் மருமகள் பத்திரப்படுத்திவிடுவாள்.

அன்புடன்.