காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி: கேள்வி பதில்

கேள்வி: ஏழு வயது மகளுக்குப் பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி. பத்து மணிக்கு ஓடி விளையாடுகிறாள். நடிக்கிறாளா?

பதில்: நடிப்பில்லை அம்மா. பயம் வயிற்றைப் பிசையும், வலி நிஜம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் கோளாறு இல்லையென்றால், "வலிக்குதுன்னு தெரியும், மெதுவா கிளம்பலாம்" என்று கூட்டிப் போங்கள். பள்ளிக்குப் போகாமல் வீட்டில் நின்றுவிட்டால் பயம் சட்டென்று இறங்கும். அந்த நிம்மதியைக் கண்ட மனசு மறுநாளும் அதையே கேட்கும். ஆனால் எதற்குப் பயப்படுகிறாள் என்று கண்டுபிடிக்காமல் இழுத்துப் போகாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு பையன் சீருடை, காலுறை எல்லாம் போட்டுக்கொள்வான். ஷூவை நீட்டினால் கால் விரல்களைச் சுருட்டிக்கொள்வான். பல நாள் பேசிய பிறகுதான் தெரிந்தது: வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும், அவனுக்கு எழுத்துக் கூட்டவே வராது. வாசிக்கச் சொல்வதை ஆசிரியர் நிறுத்தினார், வாசிப்புக்குத் தனிப் பயிற்சி தொடங்கினோம். முதலில் பள்ளி வாசல் வரை, அப்புறம் நூலகத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் பிடித்த இரண்டு பாடவேளை. முழுநாள் உட்கார ஆறு வாரம் ஆயிற்று.

கேள்வி: மகன் அழுவதால், அவன் பார்க்காதபோது வகுப்பிலிருந்து நழுவி வந்துவிடுகிறேன். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். அடுத்த நாள் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். சொல்லிவிட்டு, சுருக்கமாக விடைபெறுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் இரண்டு அடி விழுந்தால் போய்விடுவோம்.

பதில்: போனீர்கள் ஐயா. உள்ளே என்ன நடந்தது என்று வீட்டில் சொன்னீர்களா? யாரோ மிரட்டுவதால் நடுங்குகிற பிள்ளைக்கு வீட்டிலும் அடி விழுந்தால், அது வாயைத் திறக்காது.

கேள்வி: அடித்துத்தான் என் மகன் போனான். செல்லம் கொடுத்தால் ஊர் சுற்றும்.

பதில்: மட்டம் போடுகிறவன் உங்களுக்குத் தெரியாமல் ஊர் சுற்றுவான். பயந்தவன் உங்கள் கண்ணெதிரே வீட்டிலேயே முடங்குவான். இரண்டும் வேறு. செல்லம் கொடுக்கவும் நான் சொல்லவில்லை: வீட்டில் நிற்கிற நாளில் பள்ளி நேரம் முழுக்கப் போன், டிவி கிடையாது, பாடம்தான். அதற்கு அடி எதற்கு?

கேள்வி: என் மகனுக்கும் காலையில் தலைவலி...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அதேதான்.

கேள்வி: விடும்போது ஏமாற்றிவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. மேலேயே சொன்னேன். நழுவாதீர்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகள் இரண்டு மாதமாகப் போகவில்லை. "இருந்து என்ன பயன்" என்கிறாள்.

பதில்: பள்ளிப் பேச்சை ஒதுக்கி வையுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல் இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.