சான்றிதழைக் காட்ட வேண்டாம், பந்து வந்த வழியைக் காட்டுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கால்பந்துக் குழு நிதி திரட்ட ஓர் ஏலம் நடத்தியது. 2012இல் கண்ணூருக்கு வந்தபோது மாரடோனா கையெழுத்திட்டது என்று சொல்லி ஏலம் விட்ட பந்தை என் தம்பி 40,000 ரூபாய்க்கு எடுத்தான். அது போலி என்று இப்போது நண்பர்கள் சொல்கிறார்கள். பந்தைக் குழுவுக்குக் கொடுத்து விலையில் பாதியைப் பெற்றுக்கொண்ட கோவை வியாபாரி, "சான்றிதழ்தான் இருக்கிறதே" என்கிறார். குழுவினரோ, "நல்ல காரியத்துக்குப் போன பணம், ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கோபிக்கிறார்கள். தம்பி விட்டுவிடுவதுதான் சரியா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: விடக் கூடாது. பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கப் பணம் வேண்டுமென்றால் குழு நன்கொடை கேட்டிருக்கலாம். உங்கள் தம்பியும் முடிந்ததைக் கொடுத்திருப்பார். 40,000 ரூபாய் வந்தது மாரடோனாவின் பெயரால். அந்தப் பெயர் பொய்யென்றால் நல்ல காரியம் அதை மெய்யாக்கிவிடாது. பாதிப் பணம் வியாபாரியின் பைக்குப் போயிருக்கிறது என்பதையும் குழுவினர் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

2012 அக்டோபரில் மாரடோனா கண்ணூருக்கு வந்தார், திரண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் பந்தைத் தட்டி விளையாடிக் காட்டினார். எல்லாம் உண்மை. போலி செய்கிறவனுக்கு இந்த உண்மைதான் மூலதனம். "கண்ணூரில் வாங்கியது" என்றால் காசர்கோட்டிலிருந்து களியக்காவிளை வரை நம்புவதற்கு ஆள் இருக்கிறது. மாரடோனா 2020இல் காலமாகிவிட்டார். நேரில் கேட்கவும் வழியில்லை. ஆகவே நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க முழுக்க விற்றவருடையது.

சான்றிதழில் கையொப்பமிட்டவர் யார்? மாரடோனா பேனாவைப் பிடித்தபோது அவர் பக்கத்தில் இருந்தாரா? இல்லையென்றால் அந்தத் தாள் ஒருவருடைய அபிப்பிராயம், அவ்வளவே. 1990களில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. சிக்கியவற்றில் அன்னை தெரசாவின் கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது! அந்தக் கும்பல்கள் விற்ற பொருள்களுக்கும் சான்றிதழ்கள் உண்டு. இதில் பாடம் கற்ற அமெரிக்க பேஸ்பால் லீக், 2001இல் புதிய முறை ஒன்றைத் தொடங்கியது: கையெழுத்திடுவதை ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே எண்ணிட்ட ஹாலோகிராம் முத்திரை ஒட்டப்படும்.

கையெழுத்து அசலாகவே இருந்தாலும் போதாது. 1968 ஆகஸ்ட் 31 அன்று ஸ்வான்சீயில் மால்கம் நாஷின் ஓவரில் கேரி சோபர்ஸ் ஆறு சிக்ஸர் அடித்தார் அல்லவா, அந்தப் பந்து என்று ஒன்றை 2006இல் லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. 26,400 பவுண்டுக்கு ஓர் இந்தியர் வாங்கினார். சோபர்ஸே கையெழுத்திட்ட சான்றும் கூடவே இருந்தது. ஆனால் விற்றது டியூக் நிறுவனத்தின் பந்து. தான் வீசியது சர்ரிட்ஜ் பந்து என்று நாஷ் சொல்லிவிட்டார். பத்திரிகையாளர் கிரஹாம் லாய்ட் பல ஆண்டுகள் இதைத் துருவித் துருவி எழுதினார். உலகறிந்த ஏல நிறுவனத்தையே கேள்வி கேட்கலாம் என்றால் கோவை வியாபாரியைக் கேட்பதில் என்ன தயக்கம்?

ஒழுங்காக விற்கிறவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள் என்பதற்கும் மாரடோனாவே உதாரணம். 1986இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் கோல் போட்டாரே, அந்தச் சட்டை 2022இல் சோத்பிஸில் ஏலத்துக்கு வந்தது. அது முதல் பாதியில் அணிந்தது, கோல் போட்ட இரண்டாம் பாதிச் சட்டை அல்ல என்று அவருடைய மகள் மறுத்தார். ஆட்டம் முடிந்ததும் மாரடோனாவோடு சட்டை மாற்றிக்கொண்ட இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜுக்கே அது சொந்தமாக இருந்து வந்தது. ஏலக்காரர்கள் சின்னம், கோடுகள், எண் எல்லாவற்றையும் அன்றைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். 71 லட்சம் பவுண்டுக்குப் போனது.

உங்கள் வியாபாரியிடமும் அதையே கேளுங்கள். கண்ணூரில் பந்தை நீட்டியது யார், அங்கிருந்து யார் யார் கை மாறியது, அன்று எடுத்த படம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பந்தின் மாதிரி எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது என்றும் பாருங்கள். 2014 உலகக் கோப்பைக்கான பிரசுக்கா பந்தாக இருந்தால் மேற்கொண்டு பேச்சே தேவையில்லை. அது அறிமுகமானது 2013 டிசம்பரில்.

பதில் வராவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. சொல்லி விற்ற பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். வியாபாரி கோவைக்காரர் என்பதற்காக வாளையாறு தாண்டி அலைய வேண்டியதும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். ரசீது, ஏல அறிவிப்பு, சான்றிதழ் மூன்றையும் தம்பி பத்திரப்படுத்தட்டும். குழுவினருக்கு மனச்சாட்சி இருந்தால் அந்தப் புகாரில் சாட்சியாக வரட்டும். பந்தை மேடையில் தூக்கிக் காட்டி விலை கேட்டவர்கள் அவர்கள்தானே.