பனிக்கும் மணலுக்கும் குடும்பத்தோடு: ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து சொந்த ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டியில் குழந்தை குட்டியோடு ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேர், இமயமலையின் ஸ்பிட்டி, லடாக் கிளம்புகிறவர்கள் கேட்டவையும் அதற்கான பதில்களும்.

திருப்பூர்: புதுசா ஃபோர் வீல் வண்டி எடுத்திருக்கேனுங்க. வண்டிய ஒசத்தற லிஃப்ட் கிட், லைட் பார், கம்பி சுத்தி இழுக்கற வின்ச், இதுல எதை மொதல்ல மாட்டறதுங்க?

மூணுமே இப்போதைக்கு வேண்டாமுங்க. டயர் காற்றை அளக்க நல்ல ஏர் கேஜ் ஒன்று, காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று, மண்வெட்டி ஒன்று. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். கம்ப்ரசரை பேட்டரியில் நேராகக் கவ்வுகிற மாதிரி பார்த்து வாங்குங்க. சிகரெட் லைட்டரில் சொருகுவது பெரிய டயருக்கு இழுக்காது, ஃபியூஸ் போய்விடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் காற்றடிக்க வேண்டும்.

பல்லடம்: ஜெய்சல்மேர் பக்கத்து சாம் மணல்மேட்டுல எறங்கறதுக்கு டயர்ல எவ்வளவு காத்து வெக்கோணும்?

ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைக்கிற வண்டி என்றால் மணலில் இறங்குமுன் நாலு டயரையும் 18-க்கு இறக்குங்க. டயர் நீளவாக்கில் படிந்து, எடை பரவி, மேலாக மிதக்கும். சிக்கிக்கொண்டால் 15 வரை போகலாம். 12-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைவாக இருக்கும்வரை வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, வெடுக்கென ஒடிக்கவும் கூடாது. தார் ரோட்டில் ஏறுமுன் பழையபடி நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

மேட்டில் நேராக ஏறி நேராக இறங்குங்க, குறுக்கே ஓட்டவே வேண்டாம். பக்கவாட்டில் சரிய ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாமல் மூக்கை இறக்கத்தின் பக்கம் திருப்பி லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். மேலே ஏற முயல்வதும் பிரேக் மிதிப்பதும்தான் வண்டியை உருட்டிவிடும். நிறுத்தும்போது தானாக உருண்டு நிற்க விடுங்க, மூக்கு இறக்கம் பார்த்து இருக்கட்டும்.

பொள்ளாச்சி: சிக்குன சக்கரத்துக்கு அடியில போடற ரிகவரி போர்டு வெல கேட்டா தல சுத்துது. நம்மூரு தென்னநார் மிதியடி போட்டா ஏறுமுங்களா?

காய்ந்த மணலில் ஏறும். ஆனால் கனமான நெருக்கப் பின்னலாக, டயரை விட அகலமாக, ஐந்தாறு அடி நீளமாக இருக்க வேண்டும். வண்டி நகராமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்று தெரிந்த நொடியே காலை எடுங்க. இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஆக்சில் வரை புதைந்துவிடும். பிறகு எல்லாரையும் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மண்ணை வெட்டி, அடிவயிற்றில் முட்டும் மணலையும் எடுத்துவிட்டு, மிதியடியின் நுனியை டயருக்கு அடியில் நன்றாகத் திணிக்க வேண்டும். மேலாகப் போட்டால் டயர் அதைப் பின்னால் வீசிவிடும், அங்கே குழந்தை நின்றால் அடிபடும். பிரிந்த நார் ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், பழசைக் கொண்டுபோகாதீங்க. ஈரப் பனியில் ஊறி உறைந்து பலகையாகிவிடும், அங்கே போர்டுதான்.

தாராபுரம்: டிராக்டர் சங்கிலி கையில இருக்குது. சிக்குன வண்டிய இழுக்க அது போதாதுங்களா?

போதாது. சங்கிலி நீளாது, வெடுக்கென்று இழுத்தால் அறுந்து கண்ணாடியைத் துளைத்து வரும். ரப்பர் மாதிரி நீண்டு இழுக்கிற நைலான் கைனடிக் கயிறும், சேசிஸில் போல்ட் போட்ட கொக்கியும் வேண்டும். டிரெய்லர் இழுக்கிற உருண்டையில் கயிறு மாட்டவே கூடாது. இழுக்கும்போது குடும்பம் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும்.

ஈரோடு: டீசல் வண்டியில ஸ்பிட்டி போறோமுங்க. ரேடியேட்டர்ல போர் தண்ணிதான் ஊத்திட்டு வரேன். ஏதாவது ஆகுமுங்களா?

ஆகும். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே வெடிக்கும். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே படிமம் கட்டியிருக்கும். முழுசாகக் கழுவி, எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்க. மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தண்ணீரையும் மாற்றுங்க.

டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும். குளிர்கால டீசல் கிடைக்கிற பங்கில் நிரப்புங்க; லடாக்கில் 2019 முதல் மைனஸ் 33 டிகிரி தாங்கும் டீசல் வந்திருக்கிறது. மண்ணெண்ணெய் கலப்பது பி.எஸ்.6 எஞ்சினுக்கு ஆகாது. டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புகையைச் சுத்தமாக்க யூரியா திரவம் ஊற்றுகிற வண்டியா என்றும் பார்த்துக்கொள்ளுங்க, அது மைனஸ் 11-லேயே உறையும். ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாதீங்க, ஈரமாக இருந்தால் பிடித்தபடி உறைந்துவிடும். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்க.

கோபி: அண்ணா, கொழந்தைக்கு மூணு வயசு. கூட்டிட்டுப் போலாமுங்களா?

மணலுக்குத் தாராளமாகக் கூட்டிப் போகலாம் அம்மணி. மலைக்குக் கிளம்புமுன் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்க. மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கிருந்து குன்சும் கணவாய் வழியாகப் போனால் ஒரே நாளில் 4,500 மீட்டரைத் தாண்டுவீங்க. குளிர்காலத்தில் அந்த வழி மூடியிருக்கும். சிம்லா, கின்னௌர் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்க. அந்த வயசில் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சாப்பிடாமல், விளையாடாமல், நச்சரித்து, வாந்தி எடுத்தால் உயரக் கோளாறு என்றே வைத்துக்கொண்டு கீழே இறங்குங்க. காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீங்க.

காங்கேயம்: பனியில மாட்டிக்கிட்டா ஹீட்டர் போட்டு வண்டிக்குள்ளயே தூங்கலாமுங்களா?

எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. பனி குவிந்து சைலன்சர் வாயை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது. பெரியவர் ஒருவர் முழித்திருக்க, சைலன்சரைச் சுற்றித் தோண்டிவிட்டு, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டி அணையுங்க. மற்ற நேரம் கம்பளி.

சத்தியமங்கலம்: பனியில வழுக்காம இருக்க டயர்ல செயின் மாட்டறது எப்படிங்க?

டயரில் எழுதியிருக்கும் அளவுக்கே வாங்கி, வீட்டு வாசலில் இருட்டில் டார்ச் வைத்துக் கையுறையோடு மாட்டிப் பழகுங்க. ஒரு ஜோடிதான் என்றால் எந்தச் சக்கரம் என்று வண்டிக் கையேடு சொல்லும். நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வேகம் 40-க்குள். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்க.

உடுமலை: பழகறதுக்கு டாப்ஸ்லிப் பக்கம் காட்டுத் தடத்துல ஓட்டலாமுங்களா?

அது புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் தடத்தில் இறங்கினால் வழக்குதான். சொந்தக்காரர் தோட்டத்தில் புதுசாக உழுது போட்ட நிலம் இருந்தால் கேட்டு இறங்குங்க. டயர் காற்றை 30 பி.எஸ்.ஐ.-யிலும் 18-லும் வைத்து ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் ஸ்டீயரிங்கிலேயே தெரியும். சிக்கினால் இழுக்க டிராக்டரும் அங்கேயே நிற்கும்.

அவிநாசி: பின்னாடி எதிரெதிர் சீட்டுல பசங்கள உக்கார வெக்கலாமுங்களா?

கூடாதுங்க. முன்னோக்கிய சீட்டு, பெல்ட், சின்னவங்களுக்குக் குழந்தை சீட்டு. கூலர் பெட்டியையும் ஜாக்கியையும் கட்டிவையுங்க.